மாப்ள, அந்த ஜிம் பீஸ் விஷயம்

மாப்ள,

இவ்வளவு நாளா பதில் போடலன்னு திட்டாத, இங்க அமெரிக்காவுல டாக்ஸ் சீசன், ஆபீஸ்ல ஆள் குறைப்பு பேச்சு, எனக்கு முட்டி வலி, எல்லாம் வழக்கம் போல. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு நம்ம பேட்ச் ஒட்டகம் சொன்னான், சந்தோஷம். தங்கச்சிய பிபி மாத்திரைய விடாம போடச் சொல்லு, அவ நிறுத்திட்டு நிறுத்திட்டு போடுறான்னு நீதான் எழுதியிருந்த.

உன் பையன், நம்ம மருமகன், இங்க படிக்க வர்ற யுனிவர்சிட்டியோட பீஸ் பில்ல பார்த்தேன். "டியூஷன் புரியுது, அதுக்குக் கீழ ரெக்ரியேஷன் பீஸ்னு ஒண்ணு போட்டிருக்கானே, பையன் எம்எஸ் படிக்கப் போறானா ஆட்டம் போடப் போறானா"ன்னு கேட்டிருந்த. ரெண்டு வரில சொல்லிடலாம்னுதான் உட்கார்ந்தேன், ஆனா இந்த ஒரு விஷயத்துக்காக எங்க வீட்டுலயே கொஞ்ச நாளா பெரிய சண்டை ஓடுது, அதனால நீ காபி போட்டு வச்சுக்கிட்டு உட்கார்ந்து படி.

முதல்ல உன் கேள்விக்கு. அது ஜிம், நீச்சல் குளம், பேஸ்கட்பால் கோர்ட், ஓடுற ட்ராக் எல்லாம் சேர்ந்த பில்டிங்குக்கு வாங்குற காசு. ரெக் சென்டர்னு சொல்லுவாங்க. மருமகன் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கலன்னாலும் கட்டித்தான் ஆகணும், எனக்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்க வழி கிடையாது. நாளைக்கு அவனுக்கு டீச்சிங் அசிஸ்டென்ட் வேலை கிடைச்சு டியூஷன தள்ளுபடி பண்ணாலும் பல இடத்துல இந்த மாதிரி பீஸ் மட்டும் தள்ளுபடி ஆகாது, கைக்காசுதான். அதனால அவன காசு கட்டினதுக்காகவாவது போய் ட்ரெட்மில்ல ஏறச் சொல்லு, உன் தொப்பை அவனுக்கும் வந்துடாம இருக்கட்டும்.

இப்ப எங்க வீட்டுக் கதைக்கு வரேன். என் பெரிய பொண்ணு படிக்கிற யுனிவர்சிட்டில ரெக் சென்டர் பழசாகிடுச்சு, அத புதுப்பிக்க எல்லா ஸ்டூடண்டுக்கும் செமஸ்டர் பீஸ ஏத்தலாமான்னு ஓட்டெடுப்பு வச்சிருக்காங்க. நம்ம மேடம் "ஏத்தலாம்" கோஷ்டி. டி-ஷர்ட் போட்டுக்கிட்டு மெஸ் வாசல்ல நின்னு நோட்டீஸ் குடுக்கறா. பீஸ் கட்டுறவன் இங்க உட்கார்ந்திருக்கேன், எனக்கு ஓட்டு கிடையாது, ஓட்டு இருக்கறவ என் காச ஏத்தச் சொல்லி பிரச்சாரம் பண்ணுறா. சம்சாரத்துகிட்ட சொன்னா சிரிக்கறா.

சரி அப்படி என்னதான் இடிஞ்சு விழுதுன்னு பார்க்க நானே ஒரு வீக்கெண்டு போனேன். நெஜமா சொல்றேன் மாப்ள, பார்க்க பாவமாத்தான் இருந்துச்சு. பேஸ்கட்பால் கோர்ட்டுல மழைத்தண்ணி ஒழுகற இடத்துல பக்கெட் வச்சு சுத்தி ஆரஞ்சு கலர் கோன் நிறுத்தியிருக்காங்க, பசங்க அத டிஃபெண்டர் மாதிரி சுத்தி பந்த தட்டிக்கிட்டு ஆடறானுக. தரைல மேப்பிள் பலகை ஈரத்துல ஓரம் தூக்கிட்டு நிக்குது, கால் வச்சா லேசா கிறீச்னு சத்தம். நீச்சல் குளத்துப் பக்கம் கதவத் திறந்தா கண்ணு எரியுது. அது குளோரின் அதிகமானதுனாலன்னு நெனச்சேன், அங்க இருந்த மெயின்டனன்ஸ் ஆளு இல்லன்னான். குளோரின் நம்ம வேர்வையோட, இன்னும் என்னென்னத்தோடயோ சேர்ந்து குளோரமைன்னு ஒண்ணா மாறுதாம், அது தண்ணிக்கு மேல காத்துல நிக்குமாம், கண்ண எரிக்கறதோட ஏசி காத்து போற டக்டு, இரும்பு எல்லாத்தயும் அரிச்சுடுமாம். ஈரத்த வெளிய இழுக்கற மெஷின் சரியா வேலை செஞ்சா பிரச்சனை இல்ல, அது பழசாகி திணறுது. மேல அண்ணாந்து பார்த்தா டக்டு பூரா துரு. அத மாத்தத்தான் பெரிய செலவே, ட்ரெட்மில் வாங்கறதெல்லாம் சும்மா சில்லறை.

இதுல கூத்து என்னன்னா இது எங்க ஊர்ல மட்டும் நடக்கற கதை இல்ல. 90கள்லயும் 2000கள்லயும் இந்த நாட்டுல காலேஜ் காலேஜா ரெக் சென்டர் கட்டித் தள்ளினாங்க, பசங்கள இழுக்க போட்டி. நெறைய இடத்துல அதுக்கும் ஸ்டூடண்ட் பீஸ்தான். அதெல்லாம் இப்ப ஒண்ணு சேர்ந்து கிழவனாகுது. கட்டுறதுக்கு கடன் வாங்கினான், பீஸ்ல வந்த காசு கடன அடைக்கவே சரியா போச்சு, பின்னாடி கூரை மாத்த வேண்டி வருமேன்னு தனியா எடுத்து வைக்கல. இப்ப கூரை ஒழுகுது, கைல காசு இல்ல, மறுபடி பசங்ககிட்ட வா.

கவர்மென்ட் யுனிவர்சிட்டிதானே, கவர்மென்ட் குடுக்காதான்னு நீ கேப்ப. மாநில அரசு குடுக்கற காசு பெரும்பாலும் கிளாஸ்ரூம், லேப், வாத்தியார் சம்பளத்துக்கு. ஹாஸ்டல், மெஸ், பார்க்கிங், ஜிம் எல்லாம் "ஆக்சிலரி"ன்னு தனி கணக்கு, தன் செலவ தானே சம்பாதிச்சுக்கணும். அதனால பீஸ அடமானமா காட்டி பாண்டு, அதான் கடன் பத்திரம், போட்டு கடன் வாங்கறாங்க, பெரும்பாலும் இருபது முப்பது வருஷக் கடன். பாண்டு வாங்கினவனுக்கு எழுதிக் குடுத்தாச்சு, அதனால கடன் தீர்ற வரைக்கும் எந்த யூனியன் லீடர் வந்தாலும் பீஸ குறைக்க முடியாது. பணக்கார முன்னாள் மாணவன் யாராவது குடுக்க மாட்டானான்னா, குடுப்பான், புட்பால் ஸ்டேடியத்துக்கு குடுப்பான், பிசினஸ் ஸ்கூலுக்கு குடுப்பான், துருப்பிடிச்ச டக்டுக்கு எவன் தன் பேர வைப்பான் சொல்லு.

எனக்கு எரிச்சலே இங்கதான். லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி கதை தெரியுமா உனக்கு? பேட்டன் ரூஜ்ல. 2011ல பசங்க ஓட்டு போட்டு பீஸ ஏத்திக்கிட்டாங்க, 2017ல புது வசதியெல்லாம் திறந்துச்சு, மொத்தம் சுமார் 8.5 கோடி டாலர். அதுல என்ன ஃபேமஸ்னா, மிதவைல படுத்துக்கிட்டு மெதுவா சுத்தி வர்ற மாதிரி ஒரு தண்ணி வாய்க்கால், அது மேல இருந்து பார்த்தா எல்எஸ்யுன்னு இங்கிலீஷ் எழுத்து வடிவத்துல இருக்கும். அதே காலத்துல மாநில அரசு காலேஜுக்கு குடுக்கற காச வெட்டிக்கிட்டே போச்சு, அங்க லைப்ரரி ஒழுகுதுன்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. நாடு பூரா சிரிச்சாங்க. ஆனா பசங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அது அவங்களே ஓட்டு போட்டு எடுத்த காசு, இதுக்குன்னு சொல்லி வாங்கினத எடுத்து லைப்ரரி கூரைக்குப் போட முடியாது. என் கோவம் அதுல இல்ல. 2011ல ஓட்டு போட்டவன்ல எத்தன பேரு 2017ல அந்த வாய்க்கால்ல படுத்திருப்பான்? அவன் டிகிரி வாங்கிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் வந்த பையன் ஓட்டே போடல, பில்லு மட்டும் வருது. உன் பையனும் அதே கேஸ்தான், அவன் போற யுனிவர்சிட்டில அந்த பீஸ எந்த வருஷம் எவன் ஓட்டு போட்டு ஏத்தினானோ.

இத பெரியவகிட்ட சொன்னேன். அவ உடனே பர்டூ யுனிவர்சிட்டி உதாரணத்த எடுத்து வீசினா. அங்க 1957லயே ஸ்டூடண்ட்ஸ் விளையாடறதுக்குன்னே தனி பில்டிங் கட்டினாங்களாம், அமெரிக்காவுல அந்த மாதிரி முதல் பில்டிங் அதான்னு சொல்லுவாங்க, அத 2012ல ஸ்டூடண்ட் பீஸ்ல சுமார் 9.8 கோடி டாலர் போட்டு புதுப்பிச்சாங்க. "யாரோ கட்டினதுல நாங்க ஆடுறோம்பா, நாங்க கட்டுறதுல அடுத்தவங்க ஆடட்டும், எல்லாத்துக்கும் ரசீது கேப்பியா?" இத கேட்டு சம்சாரத்துக்கு ஒரே பெருமை. நான் சொன்னேன், அம்மா, வாடகை வீட்டுல கூரை ஒழுகினா ஓனர்தான் ஓடு மாத்தணும், குடியிருக்கறவன்கிட்ட வசூல் பண்ணுவாங்களா? புதுசா ராக் கிளைம்பிங் சுவரு வேணுமா, நீங்க ஓட்டு போட்டு நீங்களே கட்டிக்கோங்க, நான் வாய தொறக்கல. ஆனா கூரையும் டக்டும் யுனிவர்சிட்டியோட சொத்து, அத இத்தன வருஷம் பார்க்காம விட்டது அவங்க. ரெண்டையும் ஒரே பேப்பர்ல சேர்த்து "புதிய ரெக் சென்டர், ஆமா இல்ல"ன்னு கேக்கறதுதான் மோசடி, கலர் கலரா படம் போட்டு கிளைம்பிங் சுவர காட்டி கூரைக்கு காசு வாங்கறான்.

நீயே கணக்கு போட்டுப் பாரு, சும்மா ஒரு பேச்சுக்கு முப்பதாயிரம் பசங்க, வருஷத்துக்கு ஆளுக்கு 200 டாலர்னா 60 லட்சம் டாலர் ஆச்சு. ஆள் கணக்குல சின்னதா தெரியும். ஆனா இங்க பாதி பசங்க கடன் வாங்கி படிக்கறான், இந்த பீஸும் கடன்லதான் ஏறும், வருஷக்கணக்கா வட்டியோட கட்டுவான். பகல்ல வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் கார்ல வந்து கிளாஸ் முடிச்சு ஓடற பொண்ணு, கைக்குழந்தை வச்சிருக்கறவ, அவளுக்கு எதுக்கு ஜிம்? கலிபோர்னியா யுனிவர்சிட்டி சிஸ்டம்ல, அதான் பெர்க்லி டேவிஸ் எல்லாம் வருமே, இதுக்குன்னு ஒரு விதி வச்சிருக்காங்க, ஸ்டூடண்ட்ஸ் ஓட்டெடுப்புல குறைஞ்சது 20 சதவீதம் பேராவது ஓட்டு போட்டிருக்கணும், புதுசா வசூலாகற பீஸ்ல 25 சதவீதத்த வசதியில்லாத பசங்களுக்கு உதவித்தொகையா திருப்பணும். கொஞ்சம் மனசாட்சி உள்ள ஏற்பாடு. ஆனா நூத்துக்கு இருபது பேரு ஓட்டு போட்டாலே போதும்னு ஒரு விதி வைக்க வேண்டியிருக்குன்னா, அதுவும் வராத இடங்கள் எவ்வளவுன்னு யோசி. நம்ம ஊர்ல பஞ்சாயத்து எலெக்ஷன்ல கூட ஆஸ்பத்திரில இருந்து ட்ரிப்ஸோட வந்து ஓட்டு போடுவாங்க.

இப்படியே நான் கத்திக்கிட்டு இருந்தப்ப அவ ஒண்ணு சொன்னா மாப்ள. முதல் செமஸ்டர்ல அவளுக்கு அங்க ஒருத்தரையும் தெரியாதாம், ரூம்மேட்டோட ஒத்துப்போகலயாம், ராத்திரி ரூம்ல இருக்கப் பிடிக்காம தினமும் ரெக் சென்டர் மூடற வரைக்கும் ட்ராக்ல நடந்துக்கிட்டே இருப்பாளாம். காரு கிடையாது, வெளிய போக இடம் கிடையாது, குளிர். அங்க டெஸ்க்குல ஐடி ஸ்வைப் பண்ற பொண்ணுதான் முதல்ல பேர் கேட்டுச்சாம். அப்பல்லாம் எனக்கு போன் பண்ணி "நல்லா இருக்கேன்பா"ன்னுதான் சொல்லிட்டு இருந்தா. நானும் சரி சரின்னு கிரெடிட் கார்டு பில்லு பத்தி பேசிட்டு வச்சிருக்கேன். சம்சாரத்துக்கும் தெரியாது. அவ சாதாரணமா சொல்லிட்டு சாப்பிட போயிட்டா, எனக்குத்தான் அன்னிக்கு தூக்கம் வரல. மருமகன் வரும்போது இத ஞாபகம் வச்சுக்கோ, "நல்லா இருக்கேன்"னு சொன்னா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எங்கடா போவேன்னு கூட ஒரு கேள்வி சேர்த்துக் கேளு.

அதுக்காக நான் கட்சி மாறிடல. அந்த இடம் வேணும், ஒத்துக்கறேன். அவ்வளவு முக்கியமான இடம்னா யுனிவர்சிட்டி தன் பட்ஜெட்ல கூரைய போடட்டும்னு எனக்கு இன்னும் பிடிவாதம் கூடிடுச்சு. அவகிட்ட சொன்னேன், நீ பிரச்சாரம் பண்ணு, ஆனா ரெண்டு விஷயம் எழுத்துல கேளு. வசூலாகறதுல ஒரு பங்கு பராமரிப்புக்குன்னு தனி கணக்குல போகணும், வேற எதுக்கும் தொடக்கூடாது. புது வசதி திறக்கறதுக்கு முன்னாடி படிச்சு முடிச்சுட்டுப் போறவன்கிட்ட முழு பீஸ வாங்கக்கூடாது. அவ கமிட்டில போய் கேட்டிருக்கா. முதலாவதுக்கு "பரிசீலிக்கிறோம்"னாங்களாம், ரெண்டாவதுக்கு சில யுனிவர்சிட்டில ஏற்கனவே அப்படித்தான் இருக்கு, பில்டிங் திறந்தப்புறம்தான் பீஸே ஆரம்பிக்கும், நாமளும் அப்படி எழுதலாம்னு ஒருத்தர் சொன்னாராம். ஓட்டு அடுத்த வாரம். ஜெயிச்சா பில்லு எனக்கு, தோத்தா அழுகை எனக்கு.

சரி உன் விஷயத்துக்கு வா. நாம படிச்ச ஸ்கூல்லயே நீ பிடி மாஸ்டரா உட்கார்ந்திருக்கறத நெனச்சா எனக்கு இன்னும் சிரிப்பு வருது, நீளம் தாண்டச் சொன்னா குழி பக்கத்துலயே படுத்துக்கறவன் நீ. கிரவுண்ட சமப்படுத்தி வாலிபால் கோர்ட் போட பிள்ளைங்ககிட்ட ஆளுக்கு இருநூறு வாங்கலாம்னு ஹெச்எம் சொல்றார்னு எழுதியிருந்தியே, வேண்டாம்டா. அந்த ஊர்ல இருநூறுங்கறது சில வீட்டுல ஒரு நாள் கூலில பாதி. குடுக்க முடியாத பையன் பேர போர்டுல எழுதற வேலை உனக்கு வேணாம். 2022ல இருந்து "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி"ன்னு கவர்மென்ட்டே திட்டம் வச்சிருக்கு, முன்னாள் மாணவர்கள் கவர்மென்ட் ஸ்கூலுக்கு காசு குடுக்கலாம், அதுல உங்க ஸ்கூலுக்கு என்ன வேணும்னு போடச் சொல்லு ஹெச்எம்ம. மீதிய நம்ம பேட்ச் வாட்ஸ்ஆப் குரூப்ல நான் பார்த்துக்கறேன். கொடைக்கானல் ரிசார்ட்டுல கெட்-டுகெதர் வைக்க ஆளுக்கு எட்டாயிரம்னு போன மாசம் அவ்வளவு வேகமா கை தூக்கினானுகளே, அந்த லிஸ்ட்ட எடுத்து அப்படியே கிரவுண்டுக்கு மாத்திடுவோம். நான் முதல்ல போடறேன், ரெண்டாவது ஒட்டகம், அவன் பிளாட் வித்த காசு இன்னும் பேங்க்லதான் தூங்குது, இத நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லிடாத. ஜேசிபி ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, செம்மண் லோடு எவ்வளவுன்னு மட்டும் விசாரிச்சு இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பு.

மருமகனுக்கு ஊறுகாய் ரெண்டு பாட்டில் மேல வேணாம், செக்-இன்ல ஒழுகும்.

உன்
மாப்ள