சபலத்துக்கு ஒரே பொருள்தானா?

பள்ளிச் சொற்பொருள் கையேட்டுத் திருத்தக் குழுவின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் கையேட்டில் ‘சபலம்’ என்ற சொல்லுக்கு நேரே ‘தகாத ஆசை, பெண்ணாசை’ என்று மட்டும் அச்சாகியிருப்பது குறித்து ஆசிரியர்கள் சிலர் சென்ற ஆண்டே எழுதியிருந்தோம். பதில் இல்லை. அச்சொல்லின் மூலப்பொருளான ‘மனம் நிலைகொள்ளாமை’யை முதலில் தாருங்கள் என்பதே அன்றும் இன்றும் எங்கள் கோரிக்கை. இம்முறை பொதுவில் எழுத வைத்தது ஒரு விடைத்தாள்.

ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் இச்சொல்லை வாக்கியத்தில் அமைக்கக் கேட்டிருந்தார்கள். ஒரு மாணவி, ‘படிக்க உட்கார்ந்ததும் என் மனம் சபலப்பட்டு வாசலுக்கு ஓடுகிறது’ என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்போ உங்கள் கையேட்டை ஒட்டியது. அதை மீற எனக்கு அதிகாரம் இல்லாததால், சரி என்று தெரிந்தும் என் கையாலேயே சிவப்பு மையில் தவறு என்று குறித்து, 2 மதிப்பெண்ணுக்குச் சுழியம் போட்டேன். தாளை வாங்கியவள் கையேட்டைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, ஓரெழுத்தும் தெரியாதபடி அந்த வரியை அடித்தாள். தாள் கிழிந்தே போயிற்று. பாட்டியின் வாயிலிருந்து கேட்டுப் பழகிய சொல் அது என்று பின்னர் மெல்லச் சொன்னாள். நல்ல தமிழ் எழுதிய பிள்ளை, அசிங்கமாக எதையோ எழுதிவிட்டதாகக் கூசிப்போனதற்கு யார் பதில் சொல்வது?

வடமொழியில் ‘சபல’ என்பதற்கு அசைவது, நடுங்குவது, ஓரிடத்தில் நில்லாதது என்பவையே முதன்மைப் பொருள்கள். மின்னலுக்கும், ஒருவரிடத்தில் தங்காத திருமகளுக்கும் ‘சபலா’ என்று பெயர். மீனையும், தட்டில் விட்டால் உருண்டோடும் பாதரசத்தையும் அதே சொல்லால் குறித்தார்கள். ஆங்கிலத்திலும், நொடிக்கொரு குணம் காட்டுபவரைச் சொல்லும் ‘மெர்க்குரியல்’ என்பது பாதரசத்துக்கும் புதன் கோளுக்கும் பொதுவான பெயரிலிருந்து பிறந்ததுதான். இவ்வளவு தொலைவிலுள்ள இரு மொழிகள் மனத்தின் தடுமாற்றத்துக்கு ஒரே உலோகத்தைத் தொட்டிருப்பதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளின் கண்கள் விரிவதை நான் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை நோயாளி மைசூர்பாகைக் கண்டு தயங்கி நிற்பதையும் நம் வீடுகளில் சபலம் என்றுதான் சொல்கிறோம். ‘சபல ஆசாமி’ என்று செய்திகளில் எழுதி எழுதியே அதன் ஒரு கிளையை மட்டும் தடிக்க வைத்துவிட்டோம். பெண்ணிடம் அத்துமீறியவனின் குற்றத்தைக் குற்றம் என்று எழுதாமல் மனத்தடுமாற்றம்போல் பூசி மெழுகுவதற்கு இச்சொல் பயன்படுவது எனக்கு ஆறாத கோபத்தைத் தருகிறது. அந்தப் பழக்கத்துக்கு ஒரு பாடக் கையேடும் துணைபோகலாமா?

இன்னொரு சபலமும் இருக்கிறது. ‘பலனோடு கூடியது’ என்னும் பொருளுடைய வேறொரு வடசொல்லும், மூச்சை அழுத்தி ஒலிக்கும் வடமொழி ஒலிகளுக்குத் தமிழில் தனி எழுத்து இல்லாததால், ‘சபலம்’ என்றே எழுதப்படுகிறது. பெரும்பாலும் மார்கழித் தேய்பிறையில் வரும் ‘சபலா ஏகாதசி’யின் பெயர் அதிலிருந்து வந்தது. நாட்காட்டியில் அதைக் காணும் மாணவர், உங்கள் கையேட்டை நம்பினால் அந்த விரத நாளை என்னவென்று எண்ணுவார்?

ஆகவே மீண்டும் கேட்கிறேன்: நிலைகொள்ளாமை என்ற பொருளை முதலிலும், ஆசைக்கு ஆட்படுதல் என்பதை அதன் பின்னும் எடுத்துக்காட்டுகளோடு தாருங்கள், பலனைக் குறிக்கும் சபலத்தைத் தனிச்சொல்லாகப் பதியுங்கள். அச்சுக்குக் காலமாகுமெனில், அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு பக்கச் சுற்றறிக்கையாவது அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அது வந்தால், அந்தக் கிழிந்த தாளில் 2 மதிப்பெண்ணை நானே திருத்திப் போட்டு, அவளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்