கட்டுரைக்குக் கீழே சூரண விளம்பரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பாதிப்புக்கு ஆயுர்வேதத் தீர்வு சொன்ன கட்டுரையில், ‘சாப்பிட்டு வரும் மாத்திரைகளை உடனே நிறுத்துங்கள்; 90 நாளில் நீர்க்கட்டிகள் வேரோடு கரைந்துவிடும்’ என்று ஒரு வரி இருந்தது. ஸ்கேனில் தெரிபவை முதிராமல் நின்றுபோன சினைமுட்டைப் பைகள்தான், கரைப்பதற்கு அங்கே கட்டி எதுவும் இல்லை என்பது தாங்கள் அறியாததல்ல.

ஆயுர்வேதத்தின் மீது எனக்குப் பகை கிடையாது. என் மகளுக்கு மாதவிலக்கு ஓர் ஒழுங்குக்கு வந்ததில் அந்த வைத்தியத்துக்கும் பங்குண்டு. ஆனால், அவளைப் பார்த்த பி.ஏ.எம்.எஸ். படித்த ஆயுர்வேத மருத்துவர் நாடி பிடித்த கையோடு தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன், சர்க்கரைப் பரிசோதனை முடிவுகளையும் வாங்கிப் படித்தார். கபமும் மேதஸ் எனும் கொழுப்பும் ஆர்த்தவம் எனும் மாதவிலக்கின் வழியை அடைப்பதாகச் சொல்லி, முதலில் செரிமானத்தைச் சீராக்கினார். காஞ்சனார குக்குலு மாத்திரை அதற்குப் பிறகுதான் வந்தது. அவள் சாப்பிட்டு வந்த மெட்ஃபார்மின் என்ற சர்க்கரைக் கட்டுப்பாட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லவே இல்லை.

தங்கள் கட்டுரையாளரோ குமார்யாசவத்தை எல்லோருக்கும் இரண்டு வேளை அளந்து ஊற்றிவிட்டார். வெல்லமும் தேனும் சேர்த்து நொதிக்கவைக்கும் மருந்தை, சர்க்கரை நோயின் விளிம்பில் நிற்கும் பெண் குடிக்கலாமா என்று கேட்க அவருக்கு இடம் போதவில்லை போலும். மாதவிலக்கு தள்ளிப்போனால் அதை வரவைக்கும் ரஜப்பிரவர்த்தினி வடி என்ற மாத்திரையைச் சாப்பிடச் சொல்கிறார். கர்ப்பம் இல்லை என்று முதலில் உறுதிசெய்துகொள்ளும்படி ஒரு வார்த்தை இல்லை. குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களும்தானே அந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள்?

கட்டுரைக்கு நேர் கீழே, அதே 90 நாள் வாக்குறுதியுடன் ஒரு சூரண விளம்பரம். அந்தச் சூரணத்தை என் மகளின் விடுதித் தோழி வாங்கி வைத்திருந்தாள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். உரிம எண் இருக்க வேண்டிய இடத்தில் தாமரைமேல் அமர்ந்த பெண்ணின் படம் இருந்தது. மாதவிலக்குக் கோளாறைச் சரிசெய்வதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை, 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் மூன்றாம் பிரிவிலேயே தடைசெய்திருக்கிறது. 2024இல் பதஞ்சலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய விளம்பரங்களைக் கண்டித்தபோது, தலையங்கம் எழுதி வரவேற்றதும் தங்கள் இதழ்தான்.

இது முதல்முறையும் அல்ல. தீபாவளி மலரில், ‘கல்யாணமானால் இதெல்லாம் தானே சரியாகிவிடும்’ என்று ஒரு வாசகிக்குப் பதில் தந்திருந்தீர்கள். என் நாத்தனார் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துவந்து, என் மகளை எதிரில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். அப்போது நான் எழுதிய கடிதத்துக்குத் தங்கள் பக்கங்களில் இடம் கிடைக்கவில்லை. விளம்பரங்கள் அதிகம் வந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

தவறு நேர்ந்தது என்று தாங்கள் எழுத வேண்டும் என்றெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை. மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம் என்ற ஒரு வரியை வரும் ஞாயிறு வெளியிட்டால் போதும். பெண்கள் பக்கத்தில் இடமில்லையென்றால், ராசிபலனுக்குக் கீழேயாவது போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஈரோடு.