திரும்பி வருகிறவர்களுக்குப் பூஸ்ட் போதாது: ஆன்லைன் ஆர்பிஜி நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேம்களை வடிவமைப்பவர்களுக்கும் நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

ஆண்டுக்கணக்கில் விட்டுப் போய்த் திரும்பி வருகிற ஆட்டக்காரர்களுக்கு நீங்கள் வைக்கும் வரவேற்புப் பெட்டியைப் பற்றித்தான் இந்த மடல். சமீபத்தில் எனக்கும் ஒன்று கிடைத்தது. ஒரு காலத்தில் ராத்தூக்கம் கெட்டு ஆடிய கேம் அது. எது என்பது இங்கே வேண்டாம். இந்தப் பெட்டி உங்கள் எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. சவாரி செய்ய ஒரு மிருகம், ஆயுதம், கவசம் என்று ஒரு முழு செட் கியர், லெவலை ஒரே அழுத்தலில் உச்சிக்கு ஏற்றிவிடும் பூஸ்ட். பெட்டியை மூடினால் சீசன் பாஸ் விளம்பரம். அதை மூடினால் கடை. அதையும் மூடிய பிறகுதான் என் கேரக்டரையே பார்க்க முடிந்தது. நான் போன பிறகு கேமை விரிவாக்க வந்த ஏதோ ஒரு எக்ஸ்பான்ஷனின் நகரத்து நடுவில் திருதிருவென்று நின்றுகொண்டிருந்தது.

இவ்வளவும் கொடுத்தீர்கள், சரி. நான் எதைச் செய்துகொண்டிருந்தபோது கிளம்பினேன் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

உங்கள் கணக்கு புரியாமல் இல்லை. திரும்பி வருகிறவருக்கும் போகாமல் இருந்தவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நீங்கள் எண்ணால் அளக்கிறீர்கள்: இத்தனை லெவல், இவ்வளவு கியர் ஸ்கோர். எண்ணால் அளந்ததை எண்ணாலேயே நிரப்பிவிடலாம். ஆளை இன்றைய ரெய்டு என்ற பெருங்குழுச் சண்டையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் தங்கிவிடுவார் என்று நம்புகிறீர்கள். ஆனால் நாங்கள் தொலைத்தது எண்ணை அல்ல. எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்ற கைப்பழக்கம் போய்விட்டது. எது எங்கே கிடைக்கும், எதைக் கொண்டு எதைச் செய்யலாம் என்ற விவரம் போய்விட்டது. கூட ஆடியவர்கள் போய்விட்டார்கள். இதில் எதையும் பூஸ்ட் திருப்பித் தராது. முதல் இரண்டையும் இன்னும் மோசமாக்கும் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் மறந்ததை நினைவுபடுத்திக்கொள்ள எங்களுக்கு இருந்த ஒரே வழி, கீழ் லெவல்களில் கொஞ்சம் சுற்றித் திரிவதுதான்.

பையை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ மாற்றங்களைத் தாங்கி, நான் விட்டுப்போன மாதிரியே இருந்த ஒரே இடம் அது. உள்ளே மூன்று நான்கு வகை டோக்கன். இவற்றை வாங்கிக்கொள்ள இப்போது எந்த வியாபாரியும் இல்லை. ஒரு சாவி, அது திறக்கும் டஞ்சன், அதாவது குழுவாக நுழையும் சண்டைக்களம், கேமிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது என்று பிறகு தெரிந்தது. சாம்பல் நிறத்தில் நான்கைந்து பொருட்கள். குப்பை என்று விற்கக் கை போகவில்லை, ஏதோ காரணத்துக்காகத்தானே வைத்திருப்பேன்? பழைய பொருள் எதுவானாலும் அதன்மேல் கர்சரை வைத்தால், "இது முன்பு இன்னதற்குப் பயன்பட்டது, இப்போது தேவையில்லை, விற்கலாம்" என்று ஒரு வரி காட்டுவதற்கு எவ்வளவு உழைப்பு ஆகிவிடும்? அந்தப் பொருளைச் செல்லாததாக்கியவர் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறார். அவருக்குக் காரணம் தெரியும்.

குவெஸ்ட் பட்டியல், அதாவது கேம் எனக்குக் கொடுத்த வேலைகளின் பட்டியல், இன்னும் வேடிக்கை. "கிழவரிடம் திரும்பிச் செல்" என்று இருக்கிறது. எந்தக் கிழவர், எதற்காகப் போனேன், அவர் என்ன கேட்டார்? ஒரு தொடர்கதையின் நடு அத்தியாயத்தில் நின்றிருக்கிறேன், முன்கதைச் சுருக்கம் இல்லை. வாரப் பத்திரிகைகள் தொடர்கதை போட்ட காலம் முழுக்க இந்தச் சின்ன மரியாதையைச் செய்துவந்திருக்கின்றன.

மாற்றமே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2020 அக்டோபரில் லெவல்களைச் சுருக்கியது. 120இல் நின்ற கேரக்டர்கள் 50க்கு வந்தன. புதிதாக வருகிறவர் 120 படி ஏறுவது அர்த்தமில்லாமல் போயிருந்தது, அதனால் அந்த முடிவு சரிதான் என்றே நினைக்கிறேன். அதே கேமில் கேரக்டரின் திறமைகளைக் கிளை கிளையாகத் தேர்ந்தெடுக்கும் பழைய டேலன்ட் மரங்கள் 2012இல் எடுக்கப்பட்டு, 2022இல் டிராகன்ஃபிளைட் வந்தபோது வேறு வடிவத்தில் மறுபடி முளைத்தன. 2011இல் போய் 2023இல் வந்தவர் இடையில் ஒன்றுமே நடக்காததுபோல ஒரு மரத்தைப் பார்த்திருப்பார், ஆனால் அதில் ஒரு கிளைகூட அவருடையதாக இருந்திருக்காது. 2015இல் போனவருக்கு அது வேறு விதமான அதிர்ச்சி. கேமுக்குள்ளேயே இருந்தவர்களுக்கு இதையெல்லாம் மாதக்கணக்கில் அறிவிப்பு, விளக்கம், சோதனை சர்வர் என்று பக்குவமாகச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு வருகிறவருக்கு முடிவு மட்டும் தெரியும், காரணம் தெரியாது. "நீங்கள் போன பிறகு" என்று ஒரு பக்கம் வேண்டும். நான் கடைசியாக லாகின் செய்த தேதி உங்களிடம் இருக்கிறது. என் கேரக்டர் போர்வீரனா, மந்திரவாதியா, எந்த வகுப்பு என்பதும் இருக்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு அந்த வகுப்புக்கு நடந்தவற்றை மட்டும் வடிகட்டித் தருவது உங்களால் முடியாத காரியமா? ஒவ்வொரு மாற்றத்தோடும் வெளியான எல்லா பேட்ச் குறிப்பையும் தேடிப் படித்துக்கொள் என்று விடுவதைவிடச் சும்மா இருந்துவிடலாம்.

கைப்பழக்கத்துக்கு வருவோம். நான் ஹீலர், குழுவில் மற்றவர்களின் உயிரைக் காப்பது என் வேலை. ஹீலர் தடுமாறினால் கூட வருகிற அத்தனை பேரும் சாகிறார்கள், அதுவும் கண்முன்னே. பூஸ்ட் போட்டு உச்ச லெவலில் நிறுத்தப்பட்ட ஹீலருக்கு இருபது முப்பது பட்டன்கள் ஒன்றாகக் கையில் கொடுக்கப்படுகின்றன, பாதிக்குப் பெயர்கூட மாறியிருக்கிறது. முதல் குழுவிலேயே யாராவது "ஆஃப்லைனா?" என்று கேட்பார். சிலர் அந்தக் கேள்வியோடு கேமையே மூடிவிடுவார்கள். யாரும் பார்க்காத இடத்தில் பழகிக்கொள்ள ஒரு வழி இருந்தால் போதும். ஃபைனல் ஃபேன்டசி 14 இதை நன்றாகச் செய்கிறது. 2019இல் ட்ரஸ்ட் என்ற பெயரில் சில டஞ்சன்களுக்குத் தொடங்கி, 2022இலிருந்து டியூட்டி சப்போர்ட் என்று விரித்துக்கொண்டே போனார்கள். முக்கியக் கதையின் டஞ்சன்களைக் கணினி இயக்கும் துணைவர்களோடு ஆடலாம். அவர்கள் அவசரப்பட மாட்டார்கள், பெருமூச்சு விட மாட்டார்கள். அந்த கேமில் புதியவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு முளைச்செடி தெரியும், திரும்பி வந்தவருக்கும் தனி அடையாளம் உண்டு. பார்க்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்கள். 2010இல் வெளியாகி, தோற்று, 2012 நவம்பரில் மூடப்பட்டு, 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டப்பட்ட கேம் அது. ஆட்களை ஒருமுறை இழந்து மறுபடி அழைத்து வரவேண்டியிருந்த அனுபவம் இதில் தெரிகிறது என்பது என் ஊகம்.

கில்ட் வார்ஸ் 2 வேறு வழியில் போனது. 2012இல் வெளியான நாளிலிருந்து அங்கே உச்ச லெவல் 80தான். அந்த ஆண்டே வந்த அசென்டட் வகைக் கியரின் வலிமையை இன்றுவரை எதுவும் மிஞ்சவில்லை. அப்போது அரும்பாடுபட்டுச் சேர்த்த கியரை இப்போது வந்து மாட்டிக்கொண்டு நேராகச் சண்டைக்குப் போகலாம். அங்கேயும் கிளைடிங், மவுண்ட், மாஸ்டரி என்று கற்றுக்கொள்ள நிறையச் சேர்ந்திருக்கிறது, தலைசுற்றல் இல்லாமல் இல்லை. ஆனால் நான் அன்று உழைத்த உழைப்பை யாரும் செல்லாக்காசாக்கவில்லை. திரும்பி வருகிறவர்களுக்கென்று தனித் திட்டம் எதுவும் போடாமலேயே ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் இது. இதற்குத் துணிச்சல் வேண்டும், ஏனென்றால் அடுத்த எக்ஸ்பான்ஷனை விற்க இன்னும் பெரிய எண் உங்கள் கையில் இருக்காது.

பழைய ஏக்கத்துக்கென்றே சர்வர் திறந்துவிட்டோமே என்பீர்கள். 2013இல் ரூன்ஸ்கேப் கேமின் பழைய வடிவமாக ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் வந்தது. 2007 ஆகஸ்டில் எடுத்துவைத்த ஒரு பேக்கப்பிலிருந்து, ஆட்டக்காரர்களின் வாக்கெடுப்புக்குப் பிறகு. இன்றும் அங்கே பெரிய மாற்றம் எதுவும் வாக்கெடுப்பில்தான் நுழைகிறது. அதே 2013இல், வார்கிராஃப்டை நடத்தும் பிளிஸார்டின் ரசிகர் மாநாடான பிளிஸ்கான் மேடையில் பழைய வார்கிராஃப்ட் சர்வர் கேட்ட ரசிகருக்கு, உங்களுக்கு வேண்டும் என்று நினைக்கிறீர்கள், உண்மையில் வேண்டாம் என்ற மாதிரி பதில் வந்தது. ஆறு ஆண்டு கழித்து, 2019 ஆகஸ்டில், அதே நிறுவனம் வார்கிராஃப்ட் கிளாசிக்கைத் திறந்தபோது லாகின் வரிசை மணிக்கணக்கில் நீண்டது. ஆட்டக்காரர்களின் ஆசை பொய்யில்லை என்பது நிரூபணமாயிற்று, அதில் எனக்கும் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

ஆனால் கிளாசிக்கில் எல்லாரும் லெவல் 1இலிருந்துதான் தொடங்கினார்கள். பழைய காடு, பழைய சாலை, பழைய இசை எல்லாம் அங்கே இருக்கின்றன, என் கேரக்டர் இல்லை. முதன்மை சர்வரில் என் கேரக்டர் இருக்கிறது, அது நடந்த காடு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே எங்களை விட்டிருக்கிறீர்கள். புது உலகத்தைக் கலைக்கச் சொல்லவில்லை. பழைய வரைபடத்தின் ஒரு மூலையையாவது அந்தப் பழைய கேரக்டரோடு நடந்து பார்க்க விடுங்கள். சண்டை வேண்டாம், பரிசு வேண்டாம்.

வீடு விஷயம் ஒன்று இருக்கிறது. ஃபைனல் ஃபேன்டசி 14இல் 45 நாள் உள்ளே நுழையாவிட்டால் வீடு தானாக இடிக்கப்படும். மனைகள் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம்; விதிக்கு நியாயம் உண்டு. நிலநடுக்கம் போன்ற பேரிடர்களின்போது அதை நிறுத்திவைக்கவும் செய்திருக்கிறார்கள். ஆனால் மனிதர்கள் நோயில் படுக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், வேலை இழக்கிறார்கள். அது எதற்கும் செய்தியில் பெயர் வராது. இப்படி விதி வைத்திருக்கும் கேம்கள் எதுவானாலும், மனையை எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டின் அமைப்பை மட்டும் கணக்கில் சேமித்துவையுங்கள். எந்த நாற்காலி எந்தச் சுவரோரம் இருந்தது என்பது பெரிய கோப்பா என்ன?

இனி ஆட்கள். இதில்தான் உங்களால் முடிந்தது குறைவு, ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட் முழுக்கச் சாம்பல் நிறம். யாரையும் கட்டி இழுத்து வர உங்களால் முடியாது, அது தெரியும். கொஞ்ச நாள் கழித்து, பழைய கில்டில், அதாவது நாங்கள் சேர்ந்து ஆடிய நிரந்தரக் குழுவில், இருந்த ஒருவரை வேறொரு கேமில் தற்செயலாகப் பிடித்தேன். எங்கள் ரெய்டு நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "கில்டைக் கலைக்கும்போது எல்லாருக்கும் தனித்தனியாகக் கடிதம் போட்டேனே, பார்க்கவில்லையா?" என்றார். பார்க்கவில்லை. என் தபால் பெட்டி காலியாக இருந்தது. கேமுக்குள் அனுப்பும் கடிதத்துக்கு அங்கே ஆயுள் வைத்திருக்கிறார்கள், கெடு முடிந்தால் தானாக அழியும். பல கேம்களில் இதே கதைதான். வார்கிராஃப்டில் 30 நாள். தங்கம், பொருள் இணைத்த கடிதத்துக்குக் கெடு வைப்பதில் தவறில்லை, தபால் பெட்டியைக் கிடங்காக்குவதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். வெறும் எழுத்து மட்டும் உள்ள கடிதத்தை எதற்கு அழிக்கிறீர்கள்? ஒரு ஆள் கிளம்பிப்போன பிறகு அவருக்கு எழுதப்பட்டதை அவர் திரும்பி வரும்வரை வைத்திருங்கள். சர்வரில் அது எடுக்கும் இடம், எனக்குக் கொடுத்த சவாரி மிருகத்தின் பிடரி மயிர் எடுக்கும் இடத்தில் ஒரு துளிகூட இருக்காது.

பெயரும் அப்படித்தான். நீண்ட நாள் ஆடாதவர்களின் பெயர்களை மற்றவர்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் உங்களில் சிலரிடம் உண்டு. புதியவருக்கும் நல்ல பெயர் வேண்டும், சண்டைக்கு வரவில்லை. ஆனால் திரும்பி வருகிறவர் திரையில் பெயரை மாற்றச் சொல்லும் பெட்டியைத்தான் முதலில் பார்க்கிறார். இணைந்து ஆடியவர்கள் அவரைத் தேட வைத்திருந்த ஒரே துப்பு அது. "முன்பு இந்தப் பெயரில் ஆடியவர்" என்று தேடலில் காட்டுவதையாவது செய்யலாம்.

கடைசியாக, வாசலைப் பற்றி. சந்தாவை நிறுத்தும்போது நீங்கள் ஒரு படிவம் நீட்டுகிறீர்கள்: ஏன் போகிறீர்கள்? நேரமில்லை, விலை அதிகம், நண்பர்கள் போய்விட்டார்கள், பிற. அந்தப் பதில் உங்களுக்காக. அதே படிவத்தின் கீழே எங்களுக்காக ஒரு காலிப் பெட்டி வையுங்கள்: திரும்பி வந்தால் உங்களுக்கு நீங்களே என்ன சொல்ல விரும்புகிறீர்கள்? நான் எழுதியிருப்பேன். சாம்பல் பொருட்கள் எதற்காக, குவெஸ்டுக் கிழவர் யார், எந்தப் பட்டனுக்குப் பிறகு எதை அழுத்தவேண்டும், கில்ட் ஆட்களை வேறு எங்கே பிடிக்கலாம். மறுபடி லாகின் செய்யும்போது பரிசுப் பெட்டிக்கு முன்னால் அதைக் காட்டுங்கள். பூஸ்டை அதற்குப் பிறகு கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன், சவாரி மிருகத்தையும்தான்.

இப்படிக்கு,
பட்டன் வரிசையான ஆக்ஷன் பாரை இன்னும் அடுக்கி முடிக்காத ஒரு ஹீலர்