பதிமூன்றைத் தாண்டவிடாதவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கங்க.

பல்லடம் பக்கம் ஒரு கிராமத்தில் ஆறு தறி ஓட்டிப் பிழைக்கிறவன் நான். வயது 54. சாயங்காலமானால் மாரியம்மன் கோயில் திடலில் வாலிபால். இருபத்தைந்து வருடப் பழக்கம். அதனாலேயே எனக்கெல்லாம் நெஞ்சுவலி வராது என்று ஒரு இறுமாப்பு. தினமும் ஒரு கட்டு பீடி போனதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

போன ஆடியில் ஒரு நாள் காலை, தறியில் நின்றுகொண்டிருக்கும்போதே யாரோ முழங்காலை வைத்து நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருந்தது. வாய்வு என்று சோடா குடித்தேன். வலி தாடைக்கு ஏறியதும், என் பேச்சைக் கேட்காமல் பைக்கில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோன மச்சானுக்கு முதல் நன்றி. அடுத்தது அங்கிருந்த நர்ஸ் அம்மாவுக்கு. ஈசிஜியைப் பார்த்து மாரடைப்பு என்று டாக்டர் சொன்னதும் என் உள்ளங்கையில் 14 மாத்திரையைக் கொட்டினார். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின் 8. 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்து மாத்திரைகள். இத்தனையுமா என்று முழித்தேன். “முதல்ல முழுங்குங்க, அப்புறம் எண்ணிக்கலாம்” என்றார்.

108 வண்டியில் கோவை, மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு ஒரு ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற குட்டி வலைக்குழல்), முதலமைச்சர் காப்பீட்டில் செலவு. இந்த மூன்றுக்கும் பின்னால் இருந்தவர்கள் பலருடைய முகம்கூட எனக்குத் தெரியாது. கும்பிட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் நிஜமான கஷ்டம். டிஸ்சார்ஜ் தாளில் ‘கடின வேலை தவிர்க்கவும்’ என்று ஒரே வரி. எது கடினம்? குடம் தூக்குவதா, மாடிப்படியா? பார்க்க வந்த சொந்தங்கள் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஆளுக்கொரு பயத்தையும் வைத்துவிட்டுப் போனார்கள். “வேகமா நடந்தா ஸ்டென்ட் நழுவிடுமாம்” என்றார் ஒரு பெரியப்பா. மூன்று வாரம் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. ராத்திரியெல்லாம் நாடியில் விரலை வைத்து எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

அந்தக் கட்டிலிலிருந்து என்னைக் கிளப்பியவர் பிசியோதெரபி மேடம். அவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் பலூனை ஊதி ரத்தக்குழாயின் சுவரோடு சேர்த்து அழுத்தி வைத்தது, நாளாக நாளாக அதன் மேலேயே சவ்வு வளர்ந்து மூடிவிடும், நடந்தால் நழுவாது என்று படம் போட்டுக் காட்டினார். அப்புறம் ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி அளந்தார். 290 மீட்டர். கோர்ட்டில் ஆடிய காலுக்கு அது பெரிய அவமானம்தான்.

ஒரு தாள் கொடுத்தார். 6 முதல் 20 வரை எண்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் 6, இனி முடியவே முடியாது என்றால் 20. போர்க் என்கிற ஸ்வீடன்காரர் கண்டுபிடித்த அளவாம். நான் சாப்பிடுகிற மெட்டோப்ரோலால் நாடித்துடிப்பைப் பிடித்து வைத்துவிடும், அதனால் வாட்ச் காட்டுகிற கணக்கைவிட உடம்பு சொல்கிற கணக்கை நம்பு என்றார். “பதினொண்ணுல இருந்து பதிமூணுக்குள்ள இருங்ணா. பேச முடியணும், பாட முடியக் கூடாது.” எனக்கு எப்போதுமே பாட வராது என்பது வேறு விஷயம். தொடங்கும்போது ஐந்து நிமிடம் மெதுவாக, முடிக்கும்போதும் அப்படியே. ஒருநாள் சட்டென்று நின்று பார்த்தேன். ரத்தமெல்லாம் காலிலேயே தங்கி, கண் இருட்டி, தூணைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

பத்து நிமிடம் அரை மணியானது. நாலு எட்டு பின்னால், நெஞ்சுவலி வந்தால் நாக்கடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரை அட்டையோடு என் வீட்டுக்காரி. ஒருநாளும் அதைப் பிரிக்க வேண்டி வரவில்லை. பக்கத்தில் நடந்தால் நான் வேகம் கூட்டிவிடுவேனாம், அதனால்தான் பின்னால் வந்தாளாம். இதை நேற்றுத்தான் சொன்னாள்.

திடல் பசங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பார்க்கப் போன முதல் நாளே பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்காரவைத்து, கையில் விசிலைக் கொடுத்தார்கள். ஒருத்தனும் பாவம் பார்க்கவில்லை. தப்பாக விசில் அடித்தால் சண்டைக்கே வந்தார்கள். டிரெட்மில் டெஸ்ட் எடுத்து, ஐந்து மாதம் கழித்து டாக்டர் சரி என்ற பிறகே கோர்ட்டுக்குள் விட்டார்கள். பின்வரிசை மட்டும், குதிக்கக் கூடாது, விழுந்து எடுக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை ஓடுவதால் பந்து பட்ட முன்கையெல்லாம் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போனது. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று என் வீட்டுக்காரி மேடத்துக்குப் போன் போட்டாள். “தொடவே தொடாதீங்க, வாலிபாலை வேணா நிறுத்துங்க. அடிபடாமலே கன்னிப்போனாலோ, மலம் கறுப்பாப் போனாலோ உடனே டாக்டர்கிட்ட வாங்க” என்றார். இப்போது முழங்கை வரை பழைய சாக்ஸை வெட்டி மாட்டிக்கொண்டு ஆடுகிறேன்.

ஒவ்வொரு சர்வீஸுக்கும் முன்னால் யாராவது ஒருத்தன் “எத்தனைங்ணா?” என்று கத்துவான். எண்ணைச் சொன்னால்தான் பந்து கைக்கு வரும். நேற்று ‘பதினொண்ணு’ என்றேன்.

மேடம், அது பன்னிரண்டரை இருக்கும். மன்னிச்சுக்கங்க.