எட்டாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு: பிள்ளைகள் எடுக்கும் 'நேரம்' படங்கள் பற்றி

தாராவி, மும்பை
டிசம்பர் 20

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரமாகப் பிள்ளைகள் உங்கள் போனைக் கேட்டு நச்சரித்திருப்பார்கள். விளையாட அல்ல. ஆளுக்கொரு இரண்டு நிமிட வீடியோ எடுக்கிறார்கள்; அதன் தலைப்பு 'நேரம்'.

பள்ளி முற்றத்தில் ஒரு கம்பை நட்டு, அதன் நிழலைப் படம் பிடித்ததில்தான் இது தொடங்கியது. உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். நிழலோ பன்னிரண்டரை வரை குறுகிக்கொண்டே போனது. நம் கடிகாரம் காட்டுவது உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூர் பக்கம் செல்லும் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். மும்பை அதற்கு வெகு மேற்கே இருக்கிறது; அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வரப் பிந்துகிறது. 1906-இல் இந்திய நேரம் வந்த பிறகும், 39 நிமிடம் பிந்திய 'பாம்பே டைம்' இந்த ஊரில் 1955 வரை புழக்கத்தில் இருந்தது. "அப்ப மணியை மனுஷங்கதான் முடிவு பண்றாங்களா?" என்று ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்விக்காகவே இந்த வேலையை இன்னும் ஒரு மாதம் நீட்டலாம் என்று தோன்றியது.

ஒரு மாணவி, அம்மாவின் போனை ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டு, இட்லி மாவு பொங்குவதை நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்திருக்கிறாள். 8 மணி நேரம், 480 படங்கள். நொடிக்கு 24 படம் வீதம் ஓட்டினால் 20 நொடி. அதன் பிறகு, மூன்று மணிக்கு எழுந்து இட்லித் தட்டில் மாவு ஊற்றும் அம்மாவின் கைகளை வேகம் கூட்டாமல் அப்படியே விட்டிருக்கிறாள். வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போனைக் கொடுங்கள். போன் இல்லாதவர்கள் மாலை 4 முதல் 5 வரை பள்ளிப் போனில் எடுக்கலாம். உங்கள் சின்ன வயதில் மணி எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள்; உட்கார்ந்து சொல்லுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் நாழிகைக் கணக்கைக் கேட்கச் சொல்லுங்கள். 24 நிமிடம் ஒரு நாழிகை என்பது பாடப்புத்தகத்தைவிட அவர்கள் வாயால் கேட்டால் மனதில் நிற்கும்.

தண்டவாளத்தின் அருகிலோ ரயில் வாசலிலோ நின்று எடுக்கவே கூடாது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குபவரையும், குழாயடியில் நிற்கும் பெண்களையும் கேட்காமல் எடுக்க வேண்டாம். வாட்ஸ்அப்பிலோ யூடியூபிலோ போட வேண்டாம். வீடியோவை வகுப்பாசிரியரிடம் மட்டும் கொடுத்தால் போதும்.

ஜனவரி முதல் சனிக்கிழமை மாலை 6 மணிக்குப் பள்ளியில் எல்லாப் படங்களையும் போடுகிறோம். அன்று வேலை இருப்பவர்களுக்காக மறுநாள் காலை 10 மணிக்கு இன்னொரு முறை.

அன்புடன்,
தலைமையாசிரியர்