விடுமுறையை 25 ஆண்டுகளுக்கு எழுதி வாங்கலாமா? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமை ஆணையர் அவர்களுக்கும் ஆணையர்களுக்கும்,

வணக்கம். ஒரு பெருந்தொகையும் அதன் மேல் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு வாரம் ரிசார்ட்டில் தங்கும் உரிமையைப் பல ஆண்டுகளுக்குத் தருவதாக, டைம்ஷேர் என்றும் விடுமுறை உறுப்பினர் திட்டம் என்றும் நம் நாட்டில் விற்கப்படும் நீண்டகால ஒப்பந்தங்களுக்கென்று தனியான வழிகாட்டு நெறிமுறைகளை ஆணையம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காக இந்த மடலை எழுதுகிறேன். தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022-இலும், இணைய வணிகத்தில் வாங்குபவரை ஏமாற்றும் உத்திகளைத் தடுக்க 2023-இலும் நெறிமுறைகளைத் தந்த ஆணையத்துக்கு இது இயலாத காரியம் அல்ல என்று நம்புகிறேன்.

இந்தத் திட்டங்களைப் பற்றி நுகர்வோர் மன்றங்களுக்குப் போகும் மனுக்களில் கட்டிய தொகை, அதற்கான வட்டி, மன உளைச்சலுக்கான இழப்பீடு ஆகியவைதான் பெரும்பாலும் பேசப்படுகின்றன. ஒரு குடும்பம் எங்கே போகும், எந்த மாதத்தில் போகும், யாரை உடன் அழைத்துப் போகும் என்பதையெல்லாம் அந்த ஒப்பந்தம் எப்படி மாற்றிவிடுகிறது என்பதற்கு எந்த மனுவிலும் இடம் இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு சட்டத்துக்கு வருகிறேன்.

ஐரோப்பாவில் 1960-களில் ஆல்ப்ஸ் மலையின் பனிச்சறுக்கு விடுதிகளை ஒட்டி வளர்ந்த இந்த முறை, இந்தியாவில் 1986-இல் ஸ்டெர்லிங் நிறுவனமும் 1996-இல் மகிந்திரா குழுமமும் இத்தொழிலில் இறங்கிய பிறகு நடுத்தரக் குடும்பங்களை எட்டியது. அது நன்மையே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். கோடை விடுமுறை என்றால் பாட்டி வீடு, திருவிழா என்றால் சொந்த ஊர், வெளியூர்ப் பயணம் என்றால் கோயில் என்று இருந்த வீடுகளில், கொடைக்கானலிலும் மூணாறிலும் ஒரு வாரம் தங்கி வரலாம் என்ற எண்ணத்தையே விதைத்தவை இத்திட்டங்கள்தான். குறிப்பாகப் பெண்களுக்கு அது பெரிய மாற்றம். உறவினர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனாலும் நம் பெண்கள் முதல் நாள் மாலையிலேயே அடுப்படிக்குள் நுழைந்துவிடுவார்கள். ஊர் மாறுமே தவிர வேலை மாறாது. படுக்கையை விரிக்கவும் பாத்திரம் கழுவவும் வேறொருவர் இருக்கும் ஓரிடத்தில் ஏழு நாள் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்டது என்பதை என் அக்கா ஒரு ரிசார்ட்டில்தான் முதன்முதலில் அறிந்தார். தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என்று மூன்று தலைமுறையும் ஒரே கூரையின் கீழ்ச் சுத்தமான அறைகளில் தங்க முடிந்ததும் உண்மையே. அந்த மகிழ்ச்சியைக் காட்டித்தான் ஒப்பந்தம் விற்கப்படுகிறது என்பதால் அதையும் பதிவு செய்ய வேண்டும்.

ஆனால் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து பயணத்தின் வரிசை தலைகீழாகிறது. முன்பு போக வேண்டிய ஊரை முடிவு செய்துவிட்டு அறை தேடினோம். இப்போது எந்த ரிசார்ட்டில் எந்த வாரம் அறை காலியாக இருக்கிறதோ அதுவே நாம் போகும் ஊராகிவிடுகிறது. மாதங்களுக்கு முன்பே முன்பதிவு திறக்கும் நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கைப்பேசியோடு உட்காருகிறார்கள். கேட்ட இடம் கிடைக்காதபோது, கிடைத்த இடத்துக்குப் போகிறார்கள். போகாமல் விட்டால் அந்த ஆண்டுக்கான பராமரிப்புக் கட்டணம் வீண் என்ற எண்ணம் அவர்களைக் கிளப்பிவிடுகிறது.

இதில் மிகவும் நொந்துபோகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள். பல நிறுவனங்கள் ஆண்டின் வாரங்களைச் சீசன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தைக் கொடுத்து, நிறத்துக்கு ஏற்ப விலை வைக்கின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை கோடையில்தான். அதை விட்டால் செப்டம்பர் இறுதியில் காலாண்டுத் தேர்வு விடுமுறை, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு விடுமுறை, பொங்கலுக்குச் சில நாள். இவற்றில் பெரும்பாலானவை விலை உயர்ந்த நிறங்களுக்குள் விழுகின்றன. கைக்கு எட்டும் விலையில் இருக்கும் நிறமோ மழைக்காலத்தையும் பள்ளி நாட்களையும் சேர்ந்தது. என் அக்கா குடும்பம் ஒப்பந்தம் போட்டபோது அவர்களுடைய மகள் இன்னும் பள்ளியில் சேரவில்லை. எந்த மாதமும் ஒன்றுதான் என்று தோன்றிய காலம் அது. அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் அந்த நிறம் அவர்களுக்குப் பயன்படாமல் போயிற்று. ஓர் ஆடி மாதம், கட்டிய பணம் போகிறதே என்று, பள்ளிக்கு விடுப்பு எடுத்து ஏற்காட்டுக்குக் கிளம்பினார்கள். விடுப்புக் கடிதத்தில் "காய்ச்சல் காரணமாக" என்று அக்கா எழுதிக்கொண்டிருக்க, "எனக்குக் காய்ச்சல் இல்லையே அம்மா" என்று பக்கத்தில் நின்று அந்தக் குழந்தை கேட்டது. உயர்ந்த சீசனுக்கு மாற்றித் தர முடியுமா என்று நிறுவனத்தைக் கேட்டபோது, முடியும் என்றும், அதற்கு மேலும் சில லட்சங்கள் ஆகும் என்றும் பதில் வந்தது. நான்கு வயதுக் குழந்தையோடு வரும் பெற்றோரிடம், இரண்டு ஆண்டில் இந்த வாரங்கள் உங்களுக்கு உதவாது என்று சொல்வதற்கு விற்பவருக்கு இன்று எந்தக் கடமையும் இல்லை.

பணத்தைவிட அருமையானது லீவு. தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் விடுப்பில் ஏழு இரவுகளும் போய்வரும் நாட்களும் கழிந்துவிட்டால் எஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அதில் உடல்நலக் குறைவுக்கும் கல்யாணம் காதுகுத்துக்கும் போக, ஊருக்கென்று ஒதுக்க நாளே இருப்பதில்லை. குலதெய்வம் கோயிலுக்கு ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்தவர்கள் காணிக்கையை மட்டும் அனுப்பிவைக்கிறார்கள். கிராமத்தில் இருக்கும் பாட்டி பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமென்றால் அவரும் ரிசார்ட்டுக்கு வரவேண்டியிருக்கிறது. அறைக்கு இத்தனை பேர் என்ற கணக்கைத் தாண்டினால் கூடுதல் ஆளுக்குக் கட்டணம் உண்டு. யாரை அழைப்பது, யாரை விடுவது என்பதில் அண்ணன் தம்பிகளுக்குள் மனத்தாங்கல் வந்த வீடுகளும் எனக்குத் தெரியும்.

25 ஆண்டு என்பது ஒரு குடும்பத்தின் வாழ்க்கையில் எவ்வளவு நீளமானது என்பதை அந்த ஒப்பந்தத்தின் முன் உட்கார்ந்திருக்கும்போது யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை. தொடக்க காலத்தில் 99 ஆண்டுக்குக்கூட விற்றார்கள். 25 ஆண்டு ஒப்பந்தமே 35 வயதுத் தந்தைக்கு முடியும்போது 60 வயது. இடையில் பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதும், பிளஸ் டூ எழுதும், நீட் பயிற்சிக்குப் போகும். அந்த ஆண்டுகளில் வீட்டில் தொலைக்காட்சிகூட ஓடாது, பயணத்துக்கு ஏது வழி? அடுத்து கல்லூரி விடுதி, அதன் பிறகு பெங்களூரிலோ துபாயிலோ வேலை. பெற்றோரின் பெற்றோருக்கு மூட்டுவலி வந்து மலைப்பாதையின் வளைவுகள் தாங்காத நாள் வரும். பயன்படுத்தாத நாட்களைச் சேர்த்துவைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அதற்கும் வரம்பு உண்டு. இவ்வளவு மாறினாலும் மாறாமல் இருப்பது ஆண்டுதோறும் வரும் கட்டணச் சீட்டு ஒன்றுதான்.

மலைகளும் 25 ஆண்டுக்கு அப்படியே இருக்கப்போவதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 என்று உச்சவரம்பும் வந்தது. அந்த மலைகளைக் காக்க இது தேவை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அறைக்கு உரிமை வைத்திருப்பவருக்கு மலையேற அனுமதி கிடைக்காமல் போனால் அந்த வாரத்துக்கான கட்டணத்தை யார் ஏற்பது என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும் அல்லவா?

இனிக் கையெழுத்து வாங்கப்படும் விதம். பல்பொருள் அங்காடியிலோ பெட்ரோல் பங்கிலோ நிரப்பிப் போட்ட ஒரு குலுக்கல் சீட்டில் தொடங்குகிறது. பரிசு விழுந்திருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள், கணவனும் மனைவியும் சேர்ந்துதான் வர வேண்டும் என்று அழைப்பு வருகிறது. ஹோட்டல் கூடம் ஒன்றில் சிறு மேசைகள் போடப்பட்டிருக்கும். குழந்தைகளுக்கு ஒரு மூலையில் வண்ணம் தீட்டக் காகிதமும் பென்சிலும் கொடுத்து உட்காரவைப்பார்கள். இரண்டு மணி நேரம் பேச்சு நடக்கும். ஒவ்வொரு மேசையிலும் ஒப்பந்தம் முடிந்தவுடன் கூடத்தில் கைதட்டல் எழும். "இந்த விலை இன்றைக்கு மட்டும்தான்; வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வந்தால் கிடையாது" என்பதே கடைசி வாக்கியமாக இருக்கும். கார்டைத் தேய்த்துவிட்டு, மீதியை மாதத் தவணையாக்கிக்கொண்டு வெளியே வரும்போது, கையில் இருக்கும் ஆங்கில ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தைக்கூட அவர்கள் படித்திருக்கமாட்டார்கள்.

பொய்யான அவசரத்தை உண்டாக்கி விற்பது ஏமாற்று உத்தி என்று உங்கள் 2023 நெறிமுறைகளே சொல்கின்றன. ஆனால் அவை இணையதளங்களின், செயலிகளின் திரைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. திரையில் செய்யக்கூடாதது ஹோட்டல் கூடத்தில், அதுவும் பல லட்ச ரூபாய்க்கு, தடையின்றி நடந்துகொண்டிருக்கிறது.

கூடத்தில் சொல்லப்படாத கணக்கு ஒன்று உண்டு. உறுப்பினர் தொகைக்கு அப்பால், பராமரிப்புக் கட்டணம் முதல் ஆண்டில் 20,000 ரூபாய் என்றும் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இருபத்தைந்தாம் ஆண்டில் அது ஏறத்தாழ 81,000 ரூபாயாக நிற்கும். மொத்தத்தில் கட்டியிருக்கும் தொகை ஏறத்தாழ 11 லட்சம். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 13 லட்சத்தைத் தொடும். சாப்பாட்டுச் செலவும் போக்குவரத்துச் செலவும் தனி. மலையுச்சி ரிசார்ட்டுகளின் பக்கத்தில் வேறு கடை இல்லாததால், அரிசிக் குக்கரையும் பருப்புப்பொடியையும் புளிக்காய்ச்சலையும் பெட்டியில் எடுத்துக்கொண்டு போகும் குடும்பங்கள் உண்டு. அங்கே போயும் அடுப்பு யார் கைக்கு வருகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2009 ஜனவரியில் இயற்றிய டைம்ஷேர் நெறியாணை, கையெழுத்துப் போட்டவருக்குக் காரணமே சொல்லாமல் விலக 14 நாள் அவகாசம் தருகிறது. அந்த 14 நாளும் முடியும்வரை ஒரு காசுகூட முன்பணமாக வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் வாங்குபவர் வாழும் நாட்டின் மொழியிலோ அவர் குடிமகனாக உள்ள நாட்டின் மொழியிலோ, அவர் விருப்பப்படி இருக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் விலகல் அவகாசம் 10 நாள், கலிஃபோர்னியாவில் 7 நாள். நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டமே இல்லை. அவகாசம் எத்தனை நாள் என்பதை விற்பவரே எழுதிக்கொள்கிறார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் எது என்று வரையறுத்திருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட விதியைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம், மனுக்களை விசாரிக்கும் நுகர்வோர் குறைதீர் ஆணையங்களில் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு. மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. தேனியிலோ தென்காசியிலோ இருக்கும் குடும்பம் ஒரே ஒரு விதியை எதிர்ப்பதற்கு மாநில ஆணையம் வரை போக வேண்டும் என்றால், பெரும்பாலோர் மனுவே போடாமல் தவணையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே ஆணையம் தன் அதிகாரத்தைக் கொண்டு, ஓராண்டுக்கு மேற்பட்ட எந்த விடுமுறைத் திட்டத்துக்கும் 14 நாள் விலகல் அவகாசத்தைக் கட்டாயமாக்க வேண்டும். அந்த நாட்களில் கார்டு தேய்ப்பதும் காசோலை வாங்குவதும் தவணைக் கடனுக்குக் கையெழுத்து வாங்குவதும் தடை செய்யப்பட வேண்டும். அவகாசம் தொடங்கும் நாளில், ஒப்பந்த காலம் முழுவதற்குமான செலவு, கட்டணம் ஏறும் விதி, விலகினால் திரும்பக் கிடைக்கும் தொகை ஆகியவற்றைச் சொல்லும் ஒரே ஒரு தாளை வாங்குபவர்கள் கேட்கும் மொழியில் தர வேண்டும். வாங்கும் சீசனில் அவர்கள் மாநிலத்துப் பள்ளி விடுமுறை நாட்கள் எத்தனை அடங்கும் என்பதையும், பள்ளி விடுமுறையில் அறை கேட்ட உறுப்பினர்களில் எத்தனை சதவீதத்தினருக்குச் சென்ற ஆண்டு அறை கிடைத்தது என்பதையும் அதே தாளில் அச்சிட வேண்டும். இந்தக் கணக்கு நிறுவனங்களின் முன்பதிவுக் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. வெளியே சொல்லவைப்பதுதான் பாக்கி.

ஏற்கெனவே சிக்கியிருப்பவர்களையும் மறந்துவிட வேண்டாம். நோய், வேலையிழப்பு, துணையின் இறப்பு, முதுமை ஆகிய காரணங்களால் பயணம் செய்ய இயலாமல் போனவர்கள், எஞ்சிய ஆண்டுகளுக்குரிய தொகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வெளியேற வழி வேண்டும். அது வரும்வரை, அவர்களிடமிருந்து பராமரிப்புக் கட்டணத்தை வசூலிப்பதையாவது நிறுத்திவைக்க உத்தரவிட வேண்டும். நெறிமுறைகளின் வரைவை மக்கள் கருத்துக்கு வெளியிடும்போது தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளிலும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட குடும்பங்கள் தங்கள் மொழியில் படித்துப் பதில் எழுத முடியும்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு நுகர்வோர்