என் பெல்ட்டைப் பிடித்திருந்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

பால்மரம் வெட்டுகிறவர்களை, அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவர்களைப் பற்றிய என் முதல் ஆவணப்படம் ஒருவழியாகத் திரைக்கு வந்துவிட்டது. இத்தனை வருடம் அடுத்தவர் படத்துக்குக் கேமரா பிடித்தவனுக்கு, 'இயக்கம்' என்பதன் கீழே தன் பெயரைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. படம் முடிந்து ஓடும் பெயர்களை யார் படிக்கிறார்கள்? பாதிப் பேர் கார் எடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதனால் இந்த மடல்.

முதலில், பினாங்கு லிட்டில் இந்தியாவில் வீடியோ கடை வைத்திருந்த அண்ணன். கல்யாண மண்டபத்து டியூப்லைட் ஏன் படத்தில் துடிக்கிறது, நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஷட்டரை ஏன் 1/50-இல் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லித் தந்தது. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் லெபு பினாங் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படும். ரதத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து எடுக்க வேண்டும். தெருவெல்லாம் சிதறுதேங்காய். அண்ணன் பின்னாலிருந்து என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, "இடது, இடது, மேடு, நில்லு" என்று காதருகே சொல்லிக்கொண்டே வருவார். ஒரு தடவைகூட நான் விழுந்ததில்லை.

அப்புறம் படத்தில் வரும் பால்மரம் வெட்டும் பாட்டி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செம்பனைக்கும் (எண்ணெய்ப்பனை) வீடமைப்புக்கும் போக, செபராங் பிறையில் மிஞ்சியிருக்கும் கொஞ்சம் ரப்பரில் இன்னும் வெட்டுகிறார். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே வேலை தொடங்கிவிடும். நாங்கள் கொண்டுபோன விளக்கைப் பார்த்ததும், "அத அணைங்க தம்பி, கண்ணு கூசுது" என்றார். அணைத்தோம். அவர் நெற்றி விளக்கின் வட்டத்துக்குள் கத்தி இடது மேலிருந்து வலது கீழாக இறங்க, பட்டை சுருண்டு விழ, வெட்டிய கோட்டில் பால் அரும்பி, அதைப் பிடிக்கும் கிண்ணமான மங்குக்கு ஓடியது. எல்லோரும் பாராட்டுகிற அந்தக் காட்சிக்கு ஒளியமைப்பு பாட்டிதான்.

இயக்குநரானதில் எனக்குக் கடினமாக இருந்தது, கேமராவை இன்னொருவர் கையில் கொடுப்பது. ஒளிப்பதிவு செய்த தங்கை, "நீங்க போய்ப் பாட்டிகிட்ட பேசுங்கண்ணே, ஃபிரேம நான் பாத்துக்கிறேன்" என்று விரட்டினார். சரி என்று வாசலில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் பாட்டி, தன் அப்பாவைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனதைச் சொன்னார். சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்கு 1942-43-இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. நம் தோட்டங்களிலிருந்து போன ஆயிரக்கணக்கானோர் திரும்பவேயில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தால் நான் ஃபோகஸ்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். தங்கைக்குப் பெரிய நன்றி.

பாட்டியின் மருமகளுக்கும் நன்றி. ஏர்கோன் அறையிலிருந்து எடுத்துவந்தால் லென்ஸில் நீர் படிந்துவிடும் என்று, ராத்திரி முழுக்கக் கேமராப் பெட்டியைத் தன் வீட்டு வாசல் திண்ணையில் வைக்க விட்டார். காவலுக்கு நாய் வேறு. நான் ஆசை ஆசையாக எடுக்கச் சொன்ன பனிமூட்டக் காட்சிகளையெல்லாம், "அழகா இருக்கு, ஆனா எதுக்கு?" என்று கேட்டே வெட்டித் தள்ளிய எடிட்டர் அக்காவுக்கும் நன்றி. இன்னும் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது. படம் நன்றாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

காசு தருகிறேன் என்றவர் பாதியில் ஒதுங்கியபோது, புதுக் கார் அப்புறம் பார்க்கலாம் என்ற மனைவிக்கு வீட்டிலேயே நன்றி சொல்லிவிட்டேன்.

மங்குக்குள் பால் சொட்டும் ஓசையைப் பிடிக்கக் கொசுக்கடியில் குந்தியிருந்த சவுண்ட் தம்பிக்கு இன்னும் பாதிச் சம்பளம் பாக்கி. தம்பி, இந்த நன்றியை அதில் கழித்துக்கொள்ள மாட்டேன். மாதக் கடைசியில் வந்து வாங்கிக்கொள்.